பையனுக்கு கவர்ன்மென்ட் பாடத்துல 48, இப்ப ஸ்கூல்ல இருந்து மெயில் வேற, திங்கக்கிழமை போகணும், யாராவது சொல்லுங்க

புதுசு_ஜூலை
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஜூலைல தான் கோயமுத்தூர்ல இருந்து வந்தோம். பையன் இங்க 12வது சேர்ந்திருக்கான், ஊர்ல சிபிஎஸ்இ, எப்பவும் 90க்கு மேல தான் வாங்குவான். இங்க யூஎஸ் கவர்ன்மென்ட்னு ஒரு பாடம் கட்டாயமாம், அதுல முதல் டெஸ்ட்லயே 48. அதுக்கே ரெண்டு நாள் தூங்கல, நேத்து அசிஸ்டன்ட் பிரின்சிபல் கிட்ட இருந்து மெயில், காலைல கொடிக்கு உறுதிமொழி சொல்றப்ப இவன் எந்திரிக்கவே மாட்டேங்கறானாம், திங்கக்கிழமை 8 மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்கார், புதன்கிழமை தான் வருவார். எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. இதனால விசாவுக்கு ஏதாவது ஆகுமா? மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுத்துடவா?

டல்லாஸ்_தம்பி
48க்கு எல்லாம் பயப்படாதீங்கக்கா. நாங்க 2014 ஜனவரில மினியாபோலிஸ் வந்து எறங்கினப்ப மைனஸ் 25, பொண்ணுக்கு எட்டு வயசு, ஸ்கூல் பஸ் ஸ்டாப்புல நின்னு அழுவா, எனக்கு கார் இல்ல லைசன்ஸ் இல்ல, பால் வாங்க ரெண்டு மைல் பனியில நடந்திருக்கேன். அதுக்கு முன்னாடி 48 எல்லாம் ஒண்ணுமே இல்ல. ஆனா பையனை உடனே ஏபி கிளாஸுக்கு, அதான் காலேஜ் லெவல்ல நடத்துற கிளாஸுக்கு மாத்துங்க, சாதா கிளாஸ் காலேஜ்ல மதிக்க மாட்டாங்க.

பே_ஏரியா_15
ஏபிக்கா? மூணு மாசம் முன்னாடி வந்த பிள்ளையையா? அதுல மே மாசம் பரீட்சை, 55 அப்ஜெக்டிவ், நாலு எழுத்துக் கேள்வி, அதுக்கு மேல 1787 காலத்து இங்கிலீஷ்ல, அரசியல் சட்டத்தை ஆதரிச்சு எழுதின ஃபெடரலிஸ்ட் கட்டுரை எல்லாம் உக்காந்து படிக்கணும். தயவுசெஞ்சு இப்ப மாத்தாதீங்க.

மெயில் விஷயத்துக்கு வரேன். நாளைல இருந்து எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க, முடிஞ்சது. நாம விசாவுல இருக்கோம். 2025ல பேசினதுக்காகவும் எழுதினதுக்காகவும் வெளிநாட்டு மாணவர்கள் சிலரோட விசாவை ரத்து பண்ணாங்க, ஒரு சிலரைத் தடுப்புக் காவல்லயே வெச்சாங்க, எல்லாரும் நியூஸ்ல பார்த்தோம் இல்லையா. உரிமை எல்லாம் புக்ல இருக்கட்டும்.

எடிசன்_அப்பா
இல்லைங்க, இந்த பயத்தைப் பிள்ளைங்க தலையில ஏத்தாதீங்க. உறுதிமொழி சொல்லச் சொல்லி ஸ்கூல் கட்டாயப்படுத்த முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1943லயே சொல்லியாச்சு, வெஸ்ட் விர்ஜினியா பார்னெட் வழக்கு. அதுல ஒரு விஷயம் கவனிங்க. 1940ல இதே மாதிரி கேஸ்ல 8-1னு பிள்ளைங்களுக்கு எதிரா தீர்ப்பு. அந்தப் பிள்ளைங்க யெகோவா சாட்சிகள் குடும்பம், கொடிக்கு வணக்கம் வைக்கிறது தங்க மதத்துக்கு விரோதம்னு நெனக்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவு, தீர்ப்புக்கு அப்புறம் அந்த சபைக்காரங்களைப் பல ஊர்ல அடிச்சாங்க, கூட்டம் நடத்துற எடத்தை எரிச்சாங்க. மூணே வருஷத்துல அதே கோர்ட் தன் தீர்ப்பைத் தானே மாத்தி 6-3னு சொல்லிச்சு, அதுவும் உலகப் போர் நடந்துட்டு இருக்கப்ப, இந்த நாட்டுக் கொடி நாள் அன்னிக்கே. நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினது. உங்க பையன் பாடத்துல இது கண்டிப்பா இருக்கும். மன்னிப்பு லெட்டர் மட்டும் குடுத்துடாதீங்கம்மா, தப்பே இல்லாததுக்கு எதுக்கு மன்னிப்பு?

பே_ஏரியா_15
தீர்ப்பு இருக்கு சரி. அந்த அம்மா திங்கக்கிழமை தனியா போய் அந்த ரூம்ல உக்காரணும், நீங்களா போகப் போறீங்க?

யாழ்_குயின்ஸ்
அக்கா, நான் சொல்லுறதையும் கேளுங்கோ. பள்ளிக்கூடத்தில பொலிஸ்காரர் ஒருத்தர் இருப்பார், அவர் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைச்சா என்ன செய்யிறது எண்டு முதல்ல சொல்லிக் குடுங்கோ. நான் 2001ல வந்தனான். எங்கட ஊரில சோதனைச் சாவடியில ஐடென்டிட்டி கார்டைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டு வளந்த ஆக்கள் நாங்கள், யூனிஃபோர்மைக் கண்டால் கேக்காததுக்கும் பதில் சொல்லிப்போடுவம். வந்து நாலாம் மாசம் இங்க என்னை ரோட்டில மறிச்சு பையைத் திறக்கலாமோ எண்டு கேட்டவை. கேட்டவை, சொல்லேல்லை. மாட்டன் எண்டு சொல்லலாம் எண்டதே எனக்குத் தெரியாது, திறந்து காட்டிப்போட்டன். நியாயமில்லாமல் ஆக்களைச் சோதனை போடக்கூடாது எண்டு அமெரிக்க அரசியல் சட்டத்தில இருக்கிற நாலாவது திருத்தத்தைப் பற்றி பிறகு ஒரு மாலை வகுப்பிலதான் படிச்சனான், அண்டைக்கு இரவு முழுக்க அதையே யோசிச்சுக்கொண்டு கிடந்தனான்.

பள்ளிக்கூடத்துக்குள்ள விதி கொஞ்சம் வேற. 1985 நியூ ஜெர்சி வழக்கொண்டில, ஆசிரியர் நிர்வாகத்துக்கு வாரண்ட் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் பையைப் பாக்கலாம் எண்டு தீர்ப்பு. ஆனால் பொலிஸ் போனைப் பாக்கிறதெண்டால் பொதுவா வாரண்ட் வேணும், அது 2014. பேசாமல் இருக்கிற உரிமையும் பிள்ளைக்கு இருக்கு.

எடிசன்_அப்பா
அண்ணன் சொல்றது ரொம்ப உண்மை. நானும் ஒண்ணு சொல்றேன், 17 வருஷமா வரி கட்டுறேன், ஸ்கூல் போர்டு தேர்தல்ல கூட எனக்கு ஓட்டு இல்ல. பொண்ணு அஞ்சாவது படிக்கிறப்ப, ஓட்டில்லாம வரி கேட்டாங்கன்னு தான் இந்த நாடே பிரிட்டிஷ் ராஜாவோட சண்டை போட்டுச்சுன்னு படிச்சுட்டு வந்து, அப்பா நீங்க மட்டும் ஏன் கட்டுறீங்கன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல.

டல்லாஸ்_தம்பி
கிரீன் கார்டை விட்டுட்டீங்களே. வருஷா வருஷம் குடுக்கற கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் தான்னு கணக்கு வெச்சிருக்காங்க, ஐஸ்லாந்துக்கும் அதே 7 நம்மூருக்கும் அதே 7. என் பையனுக்கு 19 ஆயிடுச்சு, 21 ஆனா எச்-4ங்கற குடும்ப விசா போயிடும், சின்ன வயசுல கூட்டிட்டு வந்த பிள்ளை. 1923ல பகத் சிங் திந்த், இந்த நாட்டு ராணுவத்துல இருந்தவர், அவருக்கே நீ வெள்ளைக்காரன் இல்லன்னு சொல்லி குடியுரிமை கிடையாதுன்னுட்டாங்க. இந்தியர்கள் குடியுரிமை வாங்கலாம்னு சட்டம் வந்ததே 1946ல, அப்பவும் வருஷத்துக்கு 100 பேர் தான் வரலாம்னு.

பே_ஏரியா_15
அந்தப் பேச்சு எடுத்தா விடிய விடிய பேசலாம். வாடகை, டேகேர், ஊர்ல அப்பா அம்மாவுக்கு விசிட்டர் விசா... ஒவ்வொண்ணும் ஒரு போராட்டம்.

ஆஸ்டின்_சப்டீச்சர்
எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க, அந்தம்மா திங்கக்கிழமை காலைல போகணும். சிஸ்டர், நான் ஆறு வருஷமா ஸ்கூல்கள்ல சப்ஸ்டிட்யூட்டா போறேன். நாலு விஷயம் நீங்க சொல்லவே இல்ல. எந்த ஸ்டேட்? என்ன விசா? பையனுக்கு 18 ஆயிடுச்சா? மெயில்ல என்ன எழுதியிருக்குன்னு வரி வரியா படிச்சீங்களா? ஏன் எந்திரிக்கலன்னு பையன் கிட்ட கேட்டீங்களா? அஞ்சாயிடுச்சு, பரவால்ல, அஞ்சுக்கும் பதில் போடுங்க.

ஸ்டேட் ஏன் கேக்கறேன்னா, கல்விங்கற வார்த்தையே அமெரிக்க அரசியல் சட்டத்துல கிடையாது. பத்தாவது திருத்தப்படி, சட்டத்துல மத்திய அரசுக்குன்னு குடுக்காத அதிகாரம் மாநிலத்துக்கோ மக்களுக்கோ தான். நம்மூர்ல மிச்ச அதிகாரம் டெல்லிக்கு, இங்க அப்படியே தலைகீழ். அதனால உறுதிமொழி விதி கூட ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற.

புதுசு_ஜூலை
மன்னிச்சுக்கங்க, பதட்டத்துல எழுதிட்டேன். டெக்சாஸ், ஹூஸ்டன் பக்கம். அவருக்கு எச்-1பி, நானும் பையனும் எச்-4. பையனுக்கு 17, ஜனவரில 18.

மெயிலை இப்ப தான் முழுசா படிச்சேன். முதல் வரிலயே பயந்து போய் மூடி வெச்சுட்டேன் போல. கடைசில, பெற்றோர் எழுத்துல கேட்டா மாணவனுக்கு விலக்கு தரலாம், நேர்ல வந்து கையெழுத்து போட்டாலும் சரி, லெட்டர் அனுப்பினாலும் சரின்னு தான் இருக்கு. தண்டனைன்னு எங்கயும் இல்ல.

பையன் கிட்ட கேட்டேங்க. அவன் சொல்றான், அம்மா நான் இந்த நாட்டு குடிமகன் இல்ல, இந்தக் கொடிக்கு விசுவாசமா இருப்பேன்னு தினம் காலைல நெஞ்சுல கை வெச்சு சொன்னா அது பொய் தானே, பொய் சொல்றது தான் அவமரியாதைன்னு நெனச்சேன்னு. மூணு மாசமா இதை மனசுல வெச்சிருந்திருக்கான், நான் மார்க்கை மட்டும் கேட்டுட்டு இருந்திருக்கேன்.

ஆஸ்டின்_சப்டீச்சர்
ரொம்ப நல்ல பிள்ளை. இப்ப தெளிவா சொல்லலாம். டெக்சாஸ் சட்டப்படி தினம் ரெண்டு உறுதிமொழி, ஒண்ணு நாட்டுக் கொடிக்கு, ஒண்ணு டெக்சாஸ் கொடிக்கு, அப்புறம் ஒரு நிமிஷம் மௌனம். பெற்றோர் எழுதிக் குடுத்தா உறுதிமொழி சொல்ல வேண்டாம். லெட்டர்ல ரெண்டு கொடியையும் குறிப்பிடுங்க, ஒண்ணை மட்டும் எழுதினா மறுபடி கூப்பிடுவாங்க. மௌன நிமிஷத்துக்கு இந்த லெட்டர் செல்லாது, அப்ப சாமி கும்பிடணும்னு கட்டாயம் இல்ல ஆனா சத்தம் போடாம இருக்கணும், இதைப் பையன் கிட்ட சொல்லிடுங்க.

லெட்டர் மூணு வரி போதும். என் மகன் இன்னார், இந்த வகுப்பு, ரெண்டு உறுதிமொழியும் சொல்றதுல இருந்து விலக்கு கேக்கறேன், தேதி, கையெழுத்து. காரணம் எழுதத் தேவையில்ல, மன்னிப்புங்கற வார்த்தையும் வேண்டாம். ஒரு காப்பி வீட்ல வைங்க. அங்க பேசறதுக்கு தடுமாறினா மொழிபெயர்ப்பாளர் வேணும்னு முன்னாடியே மெயில்ல கேளுங்க.

விசா பத்தி பே ஏரியா நண்பர் பயப்படறதுல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. ஆனா அங்க நடந்தது பெரும்பாலும் பல்கலைக்கழகப் போராட்டம், கட்டுரை சம்பந்தப்பட்டது. ஒரு பையன் பெற்றோர் லெட்டரோட பேசாம இருக்கறது ஸ்கூல் ஃபைலோட முடியற விஷயம், அந்த ஃபைலுக்கும் 1974 சட்டப்படி பாதுகாப்பு இருக்கு. 18 ஆனதும் அந்த ஃபைல் மேல இருக்கற உரிமை பையன் கைக்குப் போயிடும்.

பதினாலாவது திருத்தத்துல சட்டத்தோட சமமான பாதுகாப்பு 'எந்த நபருக்கும்'னு தான் இருக்கு, குடிமகனுக்குன்னு இல்ல. 1886ல சான்பிரான்சிஸ்கோல சலவைக்கடை வெச்சிருந்த சீனர் ஒருத்தர் இதை வெச்சு தான் ஜெயிச்சார், அவர் சிட்டிசன் இல்ல. நம்ம 14வது சட்டப்பிரிவுலயும் 21லயும் 'நபர்'னு தானே இருக்கு, 19 மாதிரி சிலது தான் குடிமகனுக்கு. உங்க பையன் ஊர்ல படிச்சிருப்பான், இந்த ஒப்பீட்டைக் காட்டுங்க, டக்குனு புடிச்சுக்குவான்.

எடிசன்_அப்பா
கேரளா கேஸும் சொல்லுங்க அவன் கிட்ட. கோட்டயம் பக்கம் மூணு பிள்ளைங்க, தேசிய கீதம் பாடறப்ப எந்திரிச்சு மரியாதையா நிப்பாங்க ஆனா பாட மாட்டாங்க, அவங்களும் யெகோவா சாட்சிகள். 1985ல ஸ்கூலை விட்டு அனுப்பினாங்க, 1986ல நம்ம சுப்ரீம் கோர்ட் திரும்ப சேர்க்கச் சொல்லிச்சு. பிஜோ இம்மானுவேல் வழக்கு, நீதிபதி சின்னப்ப ரெட்டி. அந்தத் தீர்ப்புல இந்த அமெரிக்க வழக்கையும் எடுத்துப் பேசியிருக்காங்க. அவன் கேக்கற கேள்வி நம்ம மண்ணுலயும் கேட்ட கேள்விதான்.

பே_ஏரியா_15
லெட்டர் வழி இருக்குன்னு எனக்குத் தெரியாது, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனாலும் எந்திரிச்சு நின்னுட்டு வாயை மட்டும் மூடிக்கிட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு தான் நெனக்கிறேன். பையன் முடிவு பண்ணட்டும்.

48க்கு என்ன தப்பு பண்ணான்?

புதுசு_ஜூலை
பேப்பரை வாங்கிப் பார்த்தேன். கவர்னரை ஜனாதிபதி நியமிப்பார்னு எழுதியிருக்கான். ஜனாதிபதி காங்கிரஸை, அதான் இந்த நாட்டு பார்லிமென்ட்டைக் கலைக்கலாம்னும், மந்திரிங்க காங்கிரஸ் உறுப்பினரா இருக்கணும்னும், சுப்ரீம் கோர்ட் நீதிபதி 65ல ரிட்டயர் ஆவார்னும் எழுதியிருக்கான். எல்லாம் நம்மூரு பதில்.

ஆஸ்டின்_சப்டீச்சர்
பார்த்தீங்களா, பிள்ளைக்குப் பாடம் தெரியும், வேற நாட்டுப் பாடம். ரெண்டு பத்தி போட்ட நோட்டு வாங்குங்க, இடது பக்கம் இந்தியா வலது பக்கம் அமெரிக்கா. இங்க கவர்னரை அந்த ஸ்டேட் ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க. மந்திரியா இருக்கறவர் காங்கிரஸ்ல இருக்கக் கூடாது. நீதிபதிகள் 9 பேர், ஆயுசு முழுக்க. செனட்ல குட்டி ஸ்டேட்டுக்கும் 2 பெரிய ஸ்டேட்டுக்கும் 2, மொத்தம் 100, நம்ம ராஜ்யசபா மாதிரி தமிழ்நாட்டுக்கு 18னு ஜனத்தொகைக் கணக்கு இல்ல. திருத்தம் கொண்டு வரணும்னா வழக்கமா ரெண்டு சபைலயும் மூணுல ரெண்டு பங்கு, அப்புறம் 50ல 38 ஸ்டேட் ஒத்துக்கணும், அதனால தான் இத்தனை வருஷத்துல 27 திருத்தம், நம்மளது நூறைத் தாண்டிடுச்சு. முதல் பத்தும் 1791ல ஒண்ணா வந்தது, அதை மட்டும் மனப்பாடமா தெரிஞ்சுக்கணும்.

வழக்குகளுக்கு ஓயெஸ்னு ஒரு சைட் இருக்கு, கோர்ட்ல வக்கீலும் நீதிபதியும் பேசினதையே ஆடியோவா கேக்கலாம், காசு இல்ல. டிங்கர் வழக்கைக் கேக்கச் சொல்லுங்க, வியட்நாம் போரை எதிர்த்துக் கையில கறுப்புப் பட்டி கட்டிட்டு ஸ்கூலுக்குப் போன பிள்ளைங்க, அதுல ஒரு பொண்ணுக்கு 13 வயசு தான், 1969ல ஜெயிச்சாங்க. அடிப்படைக்கு கான் அகாடமி, இலவசமா பாடம் சொல்லித் தர்ற சைட். டீச்சர் கிட்ட ரீடெஸ்ட் உண்டான்னு பையனே போய்க் கேக்கட்டும், நீங்க கேக்காதீங்க, இங்க அதை மதிப்பாங்க.

டல்லாஸ்_தம்பி
நான் சிட்டிசன் ஆன நண்பருக்காக குடியுரிமை பரீட்சைக்கான அந்த 100 கேள்வி பதில் அட்டை பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன், இப்ப 128 ஆக்கிட்டாங்க, அரசு சைட்லயே இலவசமா கிடைக்கும். சாப்பிடறப்ப பத்து பத்தா கேளுங்கக்கா, நீங்களும் சேர்ந்து படிச்ச மாதிரி ஆச்சு. ஏபி பத்தி சொன்னதை விட்டுருங்க.

புதுசு_ஜூலை
போயிட்டு வந்துட்டேங்க. பத்து நிமிஷம் கூட ஆகல. லெட்டர் குடுத்தேன், ரெண்டு கொடியும் எழுதியிருந்தேன், அந்தம்மா வாசிச்சுட்டு ஃபைல்ல வெச்சாங்க. எந்திரிச்சு நிப்பியான்னு பையன் கிட்ட கேட்டாங்க. மத்தவங்க மரியாதைக்காக நிப்பேன், சொல்ல மாட்டேன்னான். கோட்டயத்துப் பிள்ளைங்க கதையை நேத்து ராத்திரி சொன்னேன், அதுல இருந்து எடுத்துக்கிட்டான்னு நெனக்கிறேன். அந்தம்மா சரின்னுட்டாங்க. யாழ் அண்ணா, உங்க பை கதையையும் அவனுக்குப் படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் நாலாவது திருத்தத்தைத் தமிழ்ல எழுதித் தாங்கம்மான்னு கேட்டான்.

ரீடெஸ்ட் வியாழக்கிழமை. அவனே போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தான். அந்த ரெண்டு பத்தி நோட்டு எந்தக் கடைல கிடைக்கும்னு சொல்லுங்க, இல்ல சாதா நோட்டுல நடுவுல கோடு போட்டுக்கட்டுமா?

ஆஸ்டின்_சப்டீச்சர்
கோடு போட்டுக்கங்க, போதும்.