தொட்டில் ஸ்பிரிங்கும் ஊதா மெழுகுவர்த்தியும் கிடைக்குமா?

சுங்கை சிப்புட் வட்டார உறவுகளுக்கு வணக்கம். மருமகளுக்கு டிசம்பர் நடுவில் பேறுகாலம். தொட்டில் கட்டுகிற ஸ்பிரிங்கும் இரும்புச் சட்டமும் யார் வீட்டிலாவது சும்மா கிடக்கின்றனவா? துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். பழஞ்சேலை எங்களிடமே இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக்காலத்தில் வைக்கும் மெழுகுவர்த்தி வளையத்துக்கு மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தியும் தேவை. இங்கே கடைகளில் வெள்ளையும் சிவப்பும்தான். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிற்றுக்கு, அதாவது மகிழ்ச்சி ஞாயிற்றுக்கு. பிள்ளையும் அந்த வாரம்தான் வரும் போலிருக்கிறது!

மருமகள் இந்து வீட்டுப் பெண். கிறிஸ்துமஸ் தெரியும், அதற்கு முன் நான்கு வாரம் எதற்கு என்று கேட்கிறாள். பைபிளில் லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தில், கருவுற்ற மரியா எலிசபெத்தைப் பார்க்கப் போவதை வாசித்துக் காட்டினேன். எலிசபெத்தின் வயிற்றுக் குழந்தை துள்ளிய இடத்தில் மருமகள் தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். இதுபோன்ற வேறு பகுதிகள் இருந்தால் சொல்லுங்கள். நீண்ட மறையுரை வேண்டாம், அவளுக்கு உட்கார்ந்தாலே இடுப்பு வலிக்கிறது.