டார்ச்சை அணைத்துவிட்டு நடந்த இரவு: மலைகளில் விண்மீன் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நங்கநல்லூரிலிருந்து:

மகாளய அமாவாசைத் தர்ப்பணத்தை முடித்த கையோடு நானும் என் மனைவியும் லடாக்கில் உள்ள லே நகருக்கு விமானம் ஏறினோம். அங்கே மூன்று நாள் ஓய்வெடுத்து, மெல்லிய காற்றுக்கு உடம்பைப் பழக்கிக்கொண்ட பிறகே ஹான்லேவுக்குப் புறப்பட்டோம். சாங்தாங் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் அந்தச் சிற்றூரைச் சுற்றியுள்ள பகுதியைத்தான், இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகமாக, அதாவது செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் இடமாக, 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். ஊரை ஒட்டிய குன்றின் உச்சியில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய அந்தத் தொலைநோக்கியைப் பார்க்கத்தான் போனேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஆனால் இப்போது நினைவில் நிற்பது தொலைநோக்கி அன்று. அரை கிலோமீட்டர் தூரம் விளக்கில்லாமல் நடந்த ஒரு நடைதான்.

காப்பகத்தில் வழிகாட்டுவதற்கென உள்ளூர் மக்களுக்கே வானியல் பயிற்சி அளித்து, தொலைநோக்கிகளையும் கொடுத்திருக்கிறார்கள். எங்களை அழைத்துச் சென்றவர் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண். இரவு ஏழரை மணிக்கு 'ஜூலே' என்று வணக்கம் சொல்லிவிட்டு, முதல் வேலையாக எங்கள் ஏழு பேரின் கைபேசிகளையும் அணைத்து உள்ளே வைக்கச் சொன்னார். அவர் கையில் சிவப்பு வெளிச்சம் தரும் சிறிய டார்ச் ஒன்று மட்டும் இருந்தது. அதையும் தரையை நோக்கியே பிடித்திருந்தார். தங்கியிருந்த வீட்டின் சன்னல்களிலெல்லாம் கனத்த திரை இழுத்துவிடப்பட்டிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு உதவும் குச்சி செல்களில் உள்ள நிறமி வெள்ளை வெளிச்சம் பட்டவுடன் சிதைந்துவிடுகிறது. அது மீண்டும் ஊறிச் சேர அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. சிவப்பொளி அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. இவையெல்லாம் நான் முன்பே படித்திருந்த செய்திகள். படித்து என்ன பயன்? இருபது நிமிடம் பொறுமையாக நின்று கண் பழகி வந்த நேரத்தில், மணி பார்ப்பதற்காக நான் கையைத் தூக்க, மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் பளீரென்று எரிந்தது. அத்தனை பேர் பழக்கியெடுத்த கண்களையும் ஒரே நொடியில் கெடுத்துவிட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெங்களூர்க்காரர் விட்ட பெருமூச்சு மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

சதுர்த்தி நிலவு மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் வானம் முழுமையாகத் திறந்தது. தென்மேற்கில் தனுசுப் பக்கத்திலிருந்து கிளம்பிய பால்வீதி, தலைக்கு மேலே ஓடி வடகிழக்கில் இறங்கியது. நான் அதை முதலில் மேகம் என்றே நினைத்தேன். சென்னையில் அடிவானப் புழுதிக்குள் 13 பாகை உயரத்தில் ஒளிந்துகொண்டிருக்கும் துருவ நட்சத்திரம், அங்கே ஏறத்தாழ 33 பாகையில் தெளிவாக நின்றது. நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் அது நிற்கும் என்பதைக் கைவிரல்களை நீட்டி அளந்து காட்டினார் அந்தப் பெண். நம் பால்வீதிக்கு வெளியே உள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளைக் காட்டும்போது அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது: நேராகப் பார்க்காதீர்கள், ஓரக்கண்ணால் பாருங்கள். விழித்திரையின் நடுப்பகுதியில் குச்சி செல்கள் கிடையாது. ஆகவே மங்கலான பொருளை உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும், சற்றே ஓரமாகப் பார்த்தால் தென்படும். இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஒன்றை, எதிர்வீட்டுச் சண்டையைப் பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

வடமேற்கில் தாழ்ந்திருந்த சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததி தெரிந்தாள். எங்கள் திருமணத்தன்று பட்டப்பகலில் மண்டபத்து மின்விசிறியைக் காட்டி, அதுதான் அருந்ததி என்று சொல்லப்பட்டதை என் மனைவி நினைவூட்டினாள். முப்பத்துநான்கு ஆண்டுகள் தாமதமாக அந்தச் சடங்கு அங்கே நிறைவேறியது. இரவு பத்தரைக்கு மேல் கிழக்கில் ஏறி வந்த கார்த்திகைக் கூட்டத்தில் நான் எண்ணியது ஒன்பது. அவள் எண்ணியது எட்டு. அதற்குள் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டதால் சண்டையைத் தொடரவில்லை.

இதுபோல் வழிகாட்டியோடு இருளில் நடந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

திருவான்மியூரிலிருந்து:

நங்கநல்லூர் ஐயாவின் அனுபவத்துக்கு நேர்மாறானது என்னுடையது. நான் நடந்தது பௌர்ணமியன்று. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டிக்குப் போயிருந்தபோது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் எல்லோருமாக பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போனோம். ஏறத்தாழ 2,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் பீடபூமியின் விளிம்பு அது. செந்நிறப் பாறைகள் கோயில் தூண்களைப்போல் ஆயிரக்கணக்கில் கீழே நிற்கின்றன. நிலவில்லாத நாள்களில் வனக்காவலர்கள் விண்மீன் காட்டுகிறார்கள். பௌர்ணமியை ஒட்டி நிலவொளி நடை வைக்கிறார்கள். கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில்தான் இடம். எனக்கும் மருமகனுக்கும் கிடைத்தது. அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் உள்ள காலணி கட்டாயம் என்பதை மகள் முன்பே விசாரித்து வாங்கி வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு நான் நடந்ததைப் பார்த்து பேரன்கூடச் சிரித்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நடையில் டார்ச் கூடாது. சிவப்பு விளக்கும் தேவைப்படவில்லை. பாறைச் சரிவில் இறங்கும் பாதையில் முன்னே போகிறவரின் நிழல்தான் எனக்கு வழிகாட்டி. பகலில் நெருப்பாக எரிந்த அந்தத் தூண்கள் இரவில் சாம்பலும் நீலமுமாக நின்றன. நிறம் பார்க்கும் கூம்பு செல்களுக்கு நிலவொளி போதாது என்று காவலர் விளக்கினார். எனக்கு 2016 டிசம்பர் 12 அன்று அடித்த வர்தா புயலுக்குப் பிந்தைய நாள்கள் நினைவுக்கு வந்தன. மின்சாரம் இல்லாத எங்கள் தெருவில், விழுந்த மரங்களைத் தாண்டித் தண்ணீர்க் குடத்துடன் போனபோது, என் நிழல் எனக்கு முன்னால் அத்தனை கூர்மையாக விழுந்தது. அப்போதும் பௌர்ணமிதான். ஆனால் அன்று இருந்த மனநிலையில் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் வானியல் நிகழ்ச்சி ஒன்றில் ஒரு கேள்வி கேட்டேன். திருநெல்வேலியில் என் அப்பா மாசி மாதத்து இரவுகளில் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்த் தெற்கே அகத்திய மீனைக் காட்டுவார். அதை இங்கிருந்து எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன். காவலர் சிரித்துக்கொண்டே, இந்த இடத்துக்கு அது அடிவானத்தைத் தாண்டிப் பார்க்கும்படி எழுவதில்லை என்றார். சென்னையிலிருந்து அது 24 பாகை வரை ஏறுகிறது. நங்கநல்லூர் ஐயா போன ஹான்லேயில்கூட நான்கைந்து பாகைதான் எழும். சுற்றிலும் மலை இருந்தால் அதுவும் மறைந்துபோகும். அகத்தியர் தெற்கே வந்துவிட்டார் என்று அப்பா சொன்னதைக் கதை என்று எண்ணியிருந்தேன். வடக்கே போகப் போக அவர் மறைந்துபோவதை நேரில் கண்ட பிறகு, அந்தக் கதையைக் கட்டியவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

மாதவரத்திலிருந்து:

நான் பள்ளி ஆசிரியர். லடாக்கும் அமெரிக்காவும் என் மாணவர்களுக்கு எட்டாதவை. ஆகவே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துச் சென்றேன். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏற வேண்டும். 725 மீட்டர்தான் உயரம். யாருக்கும் மூச்சு முட்டவில்லை. வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய 93 அங்குலத் தொலைநோக்கியின் குவிமாடத்தை மாலையில் பார்த்தோம். இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்ட சிறுகோள் 1988-இல் இங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது என்றதும், கணக்கில் எப்போதும் தோற்கும் ஒரு பையன் அந்தப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

இரவில் மேகம் சூழ்ந்துவிட்டது. ஒரு விண்மீனும் இல்லை. பேருந்து நிற்கும் இடத்துக்கு மரங்களின் நடுவே விளக்கில்லாமல் நடந்தோம். கூச்சலுக்குப் பேர்போன என் எட்டாம் வகுப்பு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பக்கிக் குருவி எங்கேயோ தட்டுவதுபோல் கத்துவதைக் கேட்டபடி, ஒரு சொல்லும் பேசாமல் வந்தது. மறுபடி போக வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் போவதாக இருக்கிறேன்.

கீழ்ப்பாக்கத்திலிருந்து:

ஒரே ஒரு எச்சரிக்கை. ஹான்லே போக விரும்புகிறவர்கள் நங்கநல்லூர்க்காரர் சொன்ன அந்த மூன்று நாள் ஓய்வைக் குறைக்க வேண்டாம். நான் ஒரே நாளில் ஏறினேன். தலைவலியும் வாந்தியுமாகப் படுத்துக்கிடந்தேன். பால்வீதியை என் தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

நங்கநல்லூரிலிருந்து மீண்டும்:

மாதவரம் பள்ளி ஆசிரியருக்கு: சிவப்பு டார்ச் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். பரிசுப்பொருள் சுற்றும் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று மடிப்பாக மடித்து, சாதாரண டார்ச்சின் முகப்பில் ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் போதும். நான் செய்து, எங்கள் மொட்டை மாடியில் சோதித்துப் பார்த்தேன். தெருவிளக்குகள் நடுவே அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1861-இல் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்திலிருந்து வானியலாளர் போக்சன் 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்த இதே ஊரில், அரை மணி நேரம் கண்ணைப் பழக்கிய பிறகு கார்த்திகையில் எனக்குத் தெரிந்தவை நான்கு. என் மனைவி ஐந்து என்கிறாள்.