இரட்சிப்பை இழக்க முடியுமா? வாலிபர் கூடுகைக்கு உதவி தேவை

ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சிஎஸ்ஐ சபை வாலிபர் கூடுகையில் இந்த ஞாயிறு நான் பேச வேண்டும். யோவான் 10:28ஐக் காட்டி, இயேசுவின் கையிலிருந்து யாரும் பறிக்க முடியாது என்கிறார் ஒரு அண்ணன். எங்க பெந்தெகொஸ்தே சித்தியோ எபிரெயர் 6:4-6ஐ எடுத்து, பின்வாங்கினால் போச்சு என்கிறார்கள். 1618-19ல் நெதர்லாந்தில் கூடிய தோர்த் என்ற சபைச் சங்கத்தில், சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழியினர் அண்ணன் பக்கம் நின்றார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, இரட்சிப்பை இழக்க முடியும் என்பதில் சித்தி பக்கம். அது சரி. ஆனால் எபிரெயர் 6 சொல்வது மெய் விசுவாசிகளையா, சபைக்குள் இருந்தும் மறுபடியும் பிறக்காதவர்களையா? அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

“குடிக்குத் திரும்பிப்போன எங்கப்பா கதி என்ன?” என்று ஒரு தம்பி நிச்சயம் கேட்பான். அவனிடம் வசன எண்ணை மட்டும் நீட்ட எனக்கு மனசில்லை. எபிரெயர் 6இன் 9ஆம் வசனத்தையும் சேர்த்து விளக்கும் தமிழ்ப் பிரசங்கமோ குறிப்போ இருந்தால் பகிருங்கள். சபைச் சண்டை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.