அடித்தளக் கருவி, மின்கையொப்ப முறை: இரண்டுக்கும் ஒரே காப்புரிமை விண்ணப்பம் போதுமா?

கேள்வி: கரிசல்மண்

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டி வட்டாரத்தில் கட்டுமான ஒப்பந்தப் பணி செய்து வருகிறேன். கரிசல் மண்ணில் அண்டர்ரீம் பைல் (அடிப்பகுதியைக் குமிழ்போல் அகலப்படுத்தித் துளையில் கான்கிரீட் ஊற்றும் அடித்தளத் தூண்) போடும்போது, துளையின் அடியில் குமிழ் அகழும் தகடுகள் எவ்வளவு விரிந்தன என்பதை மேலே நிற்பவருக்கு எண்ணாகவே காட்டும் ஓர் அமைப்பை வடிவமைத்திருக்கிறேன். மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் என் மைத்துனர், அந்த அளவு கருவியிலிருந்து நேராகக் கைப்பேசிக்குப் போய், ஒப்பந்ததாரரும் மேற்பார்வைப் பொறியாளரும் அங்கேயே மின்கையொப்பம் இட்டு, அதன் பிறகு எவரும் திருத்த முடியாதபடி பதிவாகும் முறையை உருவாக்கியிருக்கிறார். கான்கிரீட் ஊற்றிவிட்டால் குமிழை யாராலும் பார்க்க முடியாது. அளவுப் புத்தகத்தில் எழுதியதுதான் உண்மை என்றாகிவிடுகிறது. அந்த நிலையை மாற்ற வேண்டும் என்பதே எங்கள் இருவரின் எண்ணம்.

இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாமா? ஒரு கட்டடத்தில் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பதில் தடை உண்டா?

பதில் 1: விண்ணப்பமேசை

காப்புரிமைச் சட்டம், 1970-இன் 10(5) பிரிவின்படி, ஒரு விண்ணப்பத்தின் உரிமைக்கோரல்கள் (எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லும் வாசகங்கள்) அனைத்தும் ஒரே கண்டுபிடிப்பைப் பற்றியோ, ஒரே புத்தாக்கக் கருத்தால் இணைந்த கண்டுபிடிப்புகளைப் பற்றியோ இருக்க வேண்டும். தகட்டின் விரிவை அளக்கும் அமைப்பும், அந்த அளவு பிறந்த கணத்திலேயே கையொப்பத்தோடு பிணைக்கப்படுவதும் ஒரே கருத்தின் இரு முனைகள் என்று காட்ட முடிந்தால் ஒரே விண்ணப்பம் நிற்கும். எந்த ஆவணத்துக்கும் பொருந்தும் பொதுவான கையொப்ப முறை என்று எழுதினால் நிற்காது. அப்போது 16-ஆம் பிரிவின்படி பிரித்துத் தாக்கல் செய்ய நேரிடும்.

கருவிக்கும் மென்பொருளுக்கும் சட்டம் ஒரே பார்வை வைத்திருக்கவில்லை. கணித முறை, வணிக முறை, கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்பது, அல்காரிதம் ஆகியவற்றை 3(k) பிரிவு விலக்கி வைக்கிறது. ஆயினும், தொழில்நுட்ப விளைவைத் தரும் கண்டுபிடிப்பை அதில் கணினி நிரல் இருக்கிறது என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்று ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியிருக்கிறது. ஆகவே உங்கள் மைத்துனரின் பகுதி, அளவுமானியோடு சேர்ந்தே எழுதப்படுவது நல்லது.

பதில் 2: நிலத்தியல்

ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த இந்தப் பைல் முறை நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக வழக்கில் உள்ளது. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மேல்மண்ணைக் கடந்து, ஈரப்பதம் அதிகம் மாறாத ஆழத்தில் குமிழை ஊன்றி, மண் மேலே தூக்கும்போது கட்டடம் அசையாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. குமிழின் விட்டம் வழக்கமாகத் தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு. அது குறைந்தால் பைலின் தாங்குதிறனும் குறையும் என்பதால் உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கைப்பிடி எவ்வளவு கீழிறங்குகிறது, இனி மண் வெட்டுப்படாமல் நிற்கிறதா என்ற இரண்டையும் வைத்துக் குமிழ் நிறைவடைந்ததை அறியும் வழக்கம் ஐ.எஸ். 2911 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதியிலேயே இருக்கிறது. மேலிருந்தே அறிவது என்ற அளவில் மட்டும் உரிமை கோரினால், காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுவார். மண் சரிந்து துளையை அடைத்தபோதும் உண்மையான விரிவைக் காட்ட முடியும் என்றால், உங்கள் புதுமை அங்கேதான் இருக்கிறது.

சோதனையைப் பொறுத்தவரை, அடித்தளக் கருவியை மூடிய அறைக்குள் சோதிக்க முடியாது என்பதைச் சட்டமும் ஏற்கிறது. பொதுவெளியில் செய்தே தீர வேண்டிய நியாயமான சோதனை, முன்னுரிமைத் தேதிக்கு (பொதுவாக முதல் விண்ணப்பம் தாக்கலான நாள்) முந்தைய ஓராண்டுக்குள் நடந்திருந்தால், அது புதுமையைக் கெடுக்காது என்கிறது 32-ஆம் பிரிவு. எனினும், கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போட்ட பைலைச் சோதனை என்று சொல்வது கடினம். முதலில் தாக்கல் செய்துவிட்டு மண்ணில் இறங்குங்கள் என்றே சொல்வேன்.

பதில் 3: இரட்டைச்சாவி

அவசரப்பட்டு வெளியிடுவதன் விலை என்ன என்பதற்கு மின்கையொப்பத்தின் வரலாறே சான்று. மின்கையொப்பத்துக்குப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. என்ற மறையீட்டு முறை, அதை உருவாக்கிய ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரின் பெயரால், 1977 ஆகஸ்டில் ஓர் அறிவியல் இதழில் வெளியானது. அமெரிக்க விண்ணப்பம் அவ்வாண்டு டிசம்பரில்தான் தாக்கலானது. வெளியீட்டுக்குப் பின் விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் ஓராண்டு அவகாசம் தந்ததால் 1983-இல் அங்கே காப்புரிமை கிடைத்தது. அத்தகைய அவகாசம் இல்லாத பிற நாடுகளில் அந்த வழி அடைபட்டுப்போனது.

பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்து, பின்னால் திருத்த முடியாமல் செய்வதும் புதிதன்று. ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற ஆய்வாளர்கள் 1991-இலேயே அதை விவரித்துவிட்டார்கள். ஆகவே கையொப்பத்தின் உட்கணிதத்தைப் புதிதாக உருவாக்க முயல வேண்டாம் என்று தங்கள் மைத்துனரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். காப்புரிமை கிடைத்தாலும் கையொப்பத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்துவிடாது. அதைத் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 3-ஆம் பிரிவு இரட்டைச்சாவி முறையையும் (கையொப்பமிட ஒரு ரகசியச் சாவி, சரிபார்க்க ஒரு பொதுச் சாவி) ஹாஷ் சார்பையும் (ஆவணத்தைச் சுருக்கி அதன் அடையாளமாக ஒரு குறியீட்டைத் தரும் கணக்கு) கொண்ட எண்முறைக் கையொப்பத்தை ஏற்கிறது. 3A பிரிவும் இரண்டாம் அட்டவணையும் ஆதார் வழியிலான இ-சைன் போன்றவற்றுக்கு இடம் தருகின்றன. உரிமம் பெற்ற சான்றளிப்பு அமைப்பின் கையொப்பத்தை அப்படியே பயன்படுத்தி, அளவு எப்படி உள்ளே வருகிறது என்பதில் உழைப்பைச் செலுத்துவதே சரி.

கரிசல்மண்

மூவருக்கும் நன்றி. கைப்பிடி பற்றிய குறிப்பு என்னை மீண்டும் வரைபடத்தை எடுத்து வைத்து யோசிக்கச் செய்கிறது. மண் சரிந்தாலும் அளவு மாறாமல் இருப்பதை இன்னும் சரியாக நிறுவவில்லை. அதுவரை தாக்கலைத் தள்ளி வைக்கலாமா?

விண்ணப்பமேசை

தள்ள வேண்டாம். தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விவரித்துத் தேதியை உறுதிசெய்யும் முதல் ஆவணம்) இப்போதே தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பைத் தர அன்றிலிருந்து 12 மாதம் இருக்கிறது, நிறுவும் வேலையை அதற்குள் முடிக்கலாம். மண் சரிவை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதை முதல் விவரக்குறிப்பிலேயே வரைபடத்தோடு எழுதிவிடுங்கள். அதில் இல்லாத பொருளுக்குப் பழைய தேதி கிடைக்காது. தாக்கலுக்கு முன் மைத்துனரின் பணி ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வேலையில் இருக்கும்போது உருவாக்கும் கண்டுபிடிப்புகள் நிறுவனத்துக்கே உரியவை என்று அதில் ஒரு விதி இருக்குமானால், அவர் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற்ற பிறகே விண்ணப்பதாரராகக் கையெழுத்திட வேண்டும்.