பழனி மலையின் மானாவாரி விவசாயம்: காலநிலைத் திட்டத்தில் எல்லோரையும் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: கீழ்மலை விவசாயி

வணக்கம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துச் சரிவுகளில் காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு என்று மழையை மட்டுமே நம்பிக் கலந்து பயிரிடும் எங்களுக்கு, எவ்வளவு மழை பெய்கிறது என்பதைவிட எந்த வாரம் பெய்கிறது என்பதே முக்கியம். மாசி, பங்குனியில் நல்ல மழை ஒன்று விழுந்தால் பத்து நாட்களில் காப்பி பூத்துவிடும். அதன்பின் சில வாரங்களில் அடுத்த மழை கிடைக்காவிட்டால் பிஞ்சு நிற்காது. இந்த ஒழுங்கு குலைந்து வருவதால் மாறும் காலநிலைக்கு ஏற்ப ஊர் அளவில் ஒரு தகவமைப்புத் திட்டம் எழுத முனைந்திருக்கிறோம். முதல் கூட்டத்திற்குத் தோட்ட உரிமையாளர்களே பெரும்பாலும் வந்தார்கள். பழம் பறிக்கும் பெண்களில் ஓரிருவர் வந்தும் பேசவில்லை. இம்மலையின் பழங்குடிகளான பளியர் குடியிருப்பிலிருந்து யாரும் வரவில்லை. இவர்களையும் முடிவெடுப்பவர்களாகச் சேர்க்க என்ன செய்யலாம்?

பதில் 1: ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்

ஐயா, கூட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். மலைமுகட்டிலிருந்து ஓடை வரை எல்லோருமாக ஒருமுறை நடந்து பாருங்கள். நிழல் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் குறைந்து வெயில் நேரடியாகப் படும் அராபிகா காப்பிச் செடிகளை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு அதிகம் தாக்கும், மண்ணின் ஈரமும் விரைவில் வற்றும் என்று நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் பலவகை நாட்டு மரங்களைக் கழித்துவிட்டு சில்வர் ஓக் மட்டும் வைக்கும் முடிவை எடுப்பவர் உரிமையாளர். எந்தப் பாத்தியில் செடி முதலில் வாடுகிறது என்பதை அறிந்தவர் அங்கே களை எடுக்கும் பெண். இருவரும் ஒரே செடியின் முன் நின்று பேசினால் அலுவலகத்தில் எழுதும் திட்டத்தைவிட நல்லதொன்று கிடைக்கும். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரையும், தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையத்தாரையும் அப்போது அழையுங்கள். அவர்கள் உரையாற்ற வேண்டியதில்லை, நீங்கள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். சரிவுக்குச் சரிவு மழை மாறும் இடம் இது என்பதால் குக்கிராமத்துக்கு ஒரு மழைமானி வைத்து, அளவைக் குறிக்கும் பொறுப்பை அந்தந்த ஊராரிடமே கொடுப்பதும் நல்லது.

பதில் 2: மகளிர் குழு உறுப்பினர்

அண்ணா, நாள்கூலிக்குப் போகும் பெண் பகல் பதினொரு மணிக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலியை இழக்கிறாள். அதற்கு ஈடு கொடுங்கள், அல்லது வேலை முடிந்த பின் அவர்கள் குடியிருப்பிலேயே உட்காருங்கள். வேலை கொடுப்பவர் எதிரில் அவர்கள் பேசமாட்டார்கள். முதலில் பெண்கள் மட்டும் தனியாகப் பேசி, சொன்னதை எழுதி, ஊர்க் கூட்டத்தில் அவர்கள் பெயரால் வாசிக்க வேண்டும். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நிலப் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால், பட்டாவை அடிப்படையாகக் கொண்ட மானியம் எதைத் திட்டத்தில் சேர்த்தாலும் அது உழைக்கும் பெண்ணின் கைக்கு வராது.

பதில் 3: வன உரிமைக் குழுவில் பணியாற்றுபவர்

பளியர் குடியிருப்பினர் வராததற்குத் தூரம் மட்டும் காரணமாக இருக்காது. ஓடைகள் தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பற்றிப் பேசாமல் 'உங்கள் பாரம்பரிய அறிவைச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டால் அவர்கள் ஏன் வர வேண்டும்? அந்த மக்களின் கோரிக்கையைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு அழையுங்கள். இந்த மலையிலிருந்து இறங்கும் நீர் மருதாநதி அணைக்கும் போகிறது என்பதால், அடிவாரத்து விவசாயிகளில் இருவரையாவது சேர்ப்பது முறை.

கீழ்மலை விவசாயி:

அனைவருக்கும் நன்றி. குடியிருப்புகளில் பேசி முடித்ததும் மார்ச் 22 கிராம சபையில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஊற்றுகள் வற்றி, எல்லோரும் பூ மழைக்குக் காத்திருக்கும் நேரம் அது. ஆனால் தீர்மானம் ஊராட்சி அலுவலகக் கோப்பிலேயே நின்றுவிடாதா?

பதில் 1 எழுதியவர்:

நிற்க விடாதீர்கள். அரசின் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு மாவட்ட ஆட்சியரே தலைமை வகிக்கிறார். மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர். நீங்கள் கேட்பவற்றில் பாதி காட்டைச் சார்ந்தவை என்பதால் இருவருக்கும் தனித்தனியே நகல் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கொடுக்கப் போகும்போது உரிமையாளர்கள் மட்டும் போகாமல், களை எடுக்கும் பெண்களில் ஒருவரும் பளியர் குடியிருப்பிலிருந்து ஒருவரும் உடன் செல்லட்டும்.