ஜூன், ஜூலைக்கு உணவுப் பொருள் சேகரிக்கப் போகிறோம், எப்படித் தொடங்குவது?

தக்கலைப் பக்கம்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தை ஒட்டி ஒரு இளைஞர் மன்றம் நடத்துகிறோம். நாகர்கோவிலில் சிலர் சேர்ந்து சிறிய அளவில் உணவு வங்கி வைத்திருக்கிறார்கள். மளிகைச் சாமான்களைச் சேர்த்து வைத்து, தனியாக வாழும் வயதானவர்களுக்கும் வேலை நின்றுபோன குடும்பங்களுக்கும் மாதாமாதம் கொடுக்கிறார்கள். ஜூன் பிறந்தால் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள், அலமாரி காலியாகிவிடுகிறது. காரணம் உங்களுக்கே தெரியும்: மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை, வள்ளக்காரர்களுக்கு (சிறிய நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்கு) தடை இல்லாவிட்டாலும் கடல் விடுவதில்லை, மலைப்பக்கம் மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டும் நின்றுவிடும். வீட்டுக்கு ஒரு கிலோ அரிசி என்று ஊர் முழுக்க வாங்கி மே கடைசியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். இது சரியான வழிதானா? சாமான்களை எங்கே, எப்படி வைப்பது? கல்யாண மண்டபங்களில் மிஞ்சுகிற சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் அக்கா:
தம்பி, நல்ல காரியம், ஆனால் அரிசியில் தொடங்காதீர்கள். அரிசி அட்டை வைத்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர், அவ்வளவுதான், அதுவும் நாலைந்து பேர் இருக்கிற வீட்டில் மாதம் முழுவதும் வராது. தடைக்காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் பானையில் சோறு இருக்கும், அதோடு சேர்த்துச் சாப்பிட ஒன்றும் இருக்காது. மீன் இல்லாத இரண்டு மாதத்தில் பயறு, பருப்பு, முட்டை இல்லாவிட்டால் பிள்ளைகள் வெறும் கஞ்சியைத்தான் குடிக்க வேண்டும். அரசு தருகிற 8,000 ரூபாய் நிவாரணம் வட்டிக்கும் வலைக்கும் போய்விடுகிறது என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்.

வீடு வீடாக வாங்குகிற அரிசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சை, ஒரு வீட்டில் சம்பா, எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் எதுவும் ஒரே நேரத்தில் வேகாது, வாங்கிப்போகிறவர்களுக்கு அதைக் கீழே கொட்டவும் மனம் வராது. அதனால் முதலில் அந்த உணவு வங்கிக்காரர்களிடம் போய் உட்கார்ந்து, போன வருஷம் எது முதலில் தீர்ந்தது, எது கடைசி வரை கிடந்தது என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் நோட்டீஸ் அடிக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களுக்கு மூட்டை மூட்டையாக வந்த பழைய துணிகள் யாருக்கும் உதவாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறோம்.

மார்த்தாண்டம் கடைக்காரர்:
அக்கா சொன்னதுதான் சரி. நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், அதனால் சாமான் பக்கம் மட்டும் சொல்கிறேன். ஒரு தெருவுக்கு ஒரு பொருள் என்று பிரித்துக்கொடுங்கள். ஒரு தெரு சிறுபயறு, அடுத்த தெரு பெரும்பயறு, இன்னொன்று தேங்காயெண்ணெய், இன்னொன்று தேயிலையும் சர்க்கரையும். கடையில் கட்டிய பாக்கெட்டாக, பிரிக்காததாக, கெடு தேதி குறைந்தது மூன்று மாதமாவது மிச்சம் இருக்கிறதாகக் கேளுங்கள். இப்படி வாங்கினால் பிரித்து அடுக்குகிற வேலை பாதியாகக் குறையும்.

மழைக்காலச் சேமிப்பில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, தரையில் வைத்த சாக்கு ஒரு வாரத்தில் ஈரம் குடித்துவிடும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும். சோப்பையும் தேயிலையையும் ஒரே பெட்டியில் போடவே கூடாது, தேயிலை வாசத்தை இழுத்துக்கொள்ளும். எண்ணெய்ப் பாக்கெட் எப்போதும் கீழ்த் தட்டில், தனியாக. ரவையும் மாவும் சீக்கிரம் வண்டு பிடிக்கும், அவற்றைக் கடைசி வாரத்தில் வாங்கினால் போதும். பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால், இதை ஒரே ஆள் பொறுப்பாகப் பார்க்கட்டும், நாலு பேர் கை வைத்தால் குழம்பிவிடும்.

பணமாகத் தருகிறேன் என்று சொல்கிறவர்களை விடாதீர்கள். அந்தப் பணத்துக்கு மொத்த விலையில் வாங்கினால் சில்லறையில் வாங்குவதைவிடக் கூடுதல் பருப்பு வரும். ரசீது போட்டு, கணக்கை நூலகப் பலகையில் ஒட்டிவிடுங்கள், அடுத்த வருஷம் நீங்கள் கேட்காமலேயே தருவார்கள்.

நாகர்கோவில் ஓய்வு ஆசிரியை:
பிடியரிசி என்பது இந்தத் தலைமுறைக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து, அதைக் கோயிலுக்கோ சபைக்கோ கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. என் அம்மா பானை நிறைந்ததும்தான் கொண்டுபோவார். யாருக்கும் பாரமாகத் தெரியாது, வருஷம் முழுவதும் வரும். நீங்கள் செய்யப்போவது மே மாதத்தோடு முடிந்துவிடுகிற சேகரிப்பு, ஆனால் அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கியதும் மறுபடி இதே நிலைமை வரும். அரிசிக்குப் பதில் மாதம் ஒரு பாக்கெட் பயறு என்று நாற்பது வீடு ஒப்புக்கொண்டால், ஒரே நாளில் முந்நூறு வீட்டுக்கு ஏறி இறங்குவதைவிட அதையே நான் பெரிதாக நினைப்பேன்.

சர்ச்சிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் அய்யாவழிக்காரர்கள் வழிபடுகிற நிழல்தாங்கலிலும் போய்ச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் மட்டும் சொன்னால் அது அந்த ஆட்களுடைய வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: வாங்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள். பெயருக்கு நேராகக் கையெழுத்து வேண்டும் என்றால் அது உள் கணக்கோடு இருக்கட்டும். என்னிடம் படித்த பிள்ளையின் அம்மா ஒருவர், படம் எடுக்கிறார்கள் என்பதற்காகவே வெறும் கையோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தக்கலைப் பக்கம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அரிசித் திட்டத்தை விட்டுவிட்டோம். மண்டபச் சாப்பாடு பற்றி யாராவது சொல்ல முடியுமா? எங்கள் ஊரைச் சுற்றி மண்டபங்கள் நிறைய, ஞாயிற்றுக்கிழமை அண்டா அண்டாவாக மிஞ்சுகிறது.

ஆசாரிபள்ளம் செவிலியர்:
மளிகையோடு அதைச் சேர்க்காதீர்கள், அது தனி வேலை, தனி ஆட்கள் வேண்டும். மிஞ்சிய உணவைச் சேகரித்து விநியோகிக்க 2019இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது. சூடான சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும், நம் ஊர் வெக்கையில் தேங்காய் அரைத்த குழம்பும் அவியலும் மதியம் தாண்டுவதற்குள் புளித்துவிடும். இலையில் பரிமாறியது, மேசைக்குப் போய் வந்தது எதையும் தொடக் கூடாது. மூடிய பாத்திரம், வண்டி, உடனே சாப்பிடப் போகிறவர்கள், இந்த மூன்றும் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள். முதல் வருஷம் வேண்டாம் என்பதே என் கருத்து.

அதைவிட அவசரமான ஒன்று சொல்கிறேன். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரை இலவசம், மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு, ஆனாலும் சத்தான சாப்பாடு இல்லாமல் எடை ஏறாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். நிக்ஷய் மித்ரா திட்டத்தில் தனி ஆளோ மன்றமோ பதிவு செய்து, ஒரு நோயாளிக்குக் குறைந்தது ஆறு மாதம் உணவுப் பை கொடுக்கலாம். தானியம், பருப்பு, எண்ணெய், நிலக்கடலை அல்லது பால்பவுடர், இவைதான் அதில் இருக்கும். உங்கள் மன்றம் இரண்டு பேரை ஏற்றுக்கொண்டாலே போதும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நோயாளியின் பெயரை மட்டும் ஊருக்குள் பேசாதீர்கள்.

தக்கலைப் பக்கம்:
மண்டபச் சாப்பாடு இந்த வருஷம் வேண்டாம் என்று முடிவு. சனிக்கிழமை உணவு வங்கிக்குப் போய்க் கேட்டுவிட்டு, தெருவாரியாகப் பொருள் பிரித்து நோட்டீஸ் எழுதி இங்கே போடுகிறேன். வயதானவர்கள் பைக்குத் தனியாக என்ன வைக்கலாம்?

மார்த்தாண்டம் கடைக்காரர்:
அவல், ஓட்ஸ், சிறுபயறு. பல் இல்லாதவர்களுக்கும் தனியாகச் சமைக்கிறவர்களுக்கும் அதுதான் எளிது. சர்க்கரைப் பாக்கெட்டை எல்லாப் பையிலும் போட்டுவிடாதீர்கள், நீரிழிவு உண்டா என்று கேட்டுவிட்டு வையுங்கள். பை ஐந்து கிலோவைத் தாண்ட வேண்டாம், அவர்களே தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டியிருக்கும்.