புதுப்பிப்பு: அத்தையின் பொட்டாசியம் 5.9

சுங்கை சிப்புட்டில் இருக்கும் அத்தைக்கு ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 என்று அளவுக்கு மேல் வந்ததைப் பற்றிப் போன வாரம் கேட்டிருந்தேன். அன்றே கிளினிக்குக் கூட்டிப்போகச் சொன்னவர்களுக்கு நன்றி. ஈசிஜி சரியாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள்: 4.6, சரியான அளவுதான். முதல் ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் 'ஹீமோலைஸ்ட்' என்று போட்டிருக்கிறது. ரத்த அணுக்கள் குழாயிலேயே உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசிந்து எண்ணைக் கூட்டிக் காட்டுமாம். ஆனால் அத்தை சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை பெரிண்டோபிரிலும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்பதால் டாக்டர் அசட்டையாக விடவில்லை.

நிஜத் தலைவலி வேறு வரியில்: ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு; குறைந்தால் கெடுதல்) 38. இது 30-க்குக் கீழே போனால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்துவார்கள்; இப்போதைக்குக் காலையும் மாலையும் 500 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறார்கள். அப்புறம், முட்டிவலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக்குக்கும் தடை, சிறுநீரகத்துக்கு ஆகாதாம். அத்தைக்கு அதில்தான் கோபம்.